மழை பெஞ்சா டிஜிட்டல் படம் ஏன் உடையுது? அனலாக், டிஜிட்டல் அடிப்படையை எங்கேருந்து படிக்க?

அக்டோபர் 18, இரவு 9.20 (கேள்வி)

டிப்ளமா இசிஇ முடிச்சுட்டு கேபிள் டிவி ஆபரேட்டர்கிட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கேன். அங்க சீனியர் ஒருத்தர் சொல்றாரு: "டிஜிட்டல்ல 0, 1 மட்டும்தான் போகுது. நாய்ஸ் (வேண்டாத இரைச்சல்) ஏறாது. லெவல் (சிக்னல் பலம்) பாக்குறதெல்லாம் அந்தக் காலத்து அனலாக்குக்கு." ஆனா ஒரு வீட்டுல மழை பெஞ்சா போதும், சில சேனல் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடுது. வீட்டுக்கார அம்மா, "பழைய கேபிள்ல எந்த மழைக்கும் படம் நல்லா வந்துச்சே"ன்னு சண்டைக்கு வர்றாங்க. புத்தகத்துல சதுர அலை படம் போட்டு 1, 0னு எழுதியிருக்கு. கம்பத்துல ஏறினா ஒண்ணும் பொருந்த மாட்டேங்குது. அண்ணாச்சிமார் யாராவது எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

அக்டோபர் 18, இரவு 10.05

உங்க சீனியர் சொன்னது செட்டாப் பெட்டிக்குள்ள உண்மை, கம்பியில பொய். கம்பியில 0ம் இல்ல, 1ம் இல்ல. அங்க போறது ஒரு அலை, அவ்வளவுதான். அதோட உயரமும் ஃபேஸும் (அலை எந்த இடத்துல தொடங்குதுங்கிறது) மாறிக்கிட்டே இருக்கும். பழைய கேபிள்லயும் அதே அலைதான் போச்சு.

கேபிள்ல நாம அனுப்புறது 64 குவாம்ங்கிற முறை. அலை எடுக்கக்கூடிய நிலை 64. 2ஐ ஆறு தடவை பெருக்கினா 64, அதனால ஒவ்வொரு நிலையும் 6 பிட் சுமக்குது. நொடிக்கு 68.75 லட்சம் நிலை மாறுது. பெருக்கினா 41.25 மெகாபிட். பிழை திருத்தத்துக்கு ஒதுக்கினது போக கையில 38. இது முழுக்க 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள்ள அடங்கியாகணும். பெட்டிக்குள்ள இருக்குற சில்லு அலையைப் பாத்து "இது 64ல எது?"ன்னு நொடிக்கு நொடி முடிவு எடுக்குது. முடிவு தப்பினா பிட் தப்பும். நாய்ஸ் ஏறாதுன்னு யாராவது சொன்னா, அவர் கையில மீட்டரைக் கொடுத்து கடைசிக் கம்பத்துல ஏத்தி விடுங்க.

முதல்ல டிபி (டெசிபல்) படிங்க. மத்தது நாளைக்கு.

அக்டோபர் 19, காலை 6.40

டிபி. நம்ம வேலையில எல்லாம் டிபி மைக்ரோவோல்ட். 60ன்னா 1 மில்லிவோல்ட். 6 கூடினா வோல்டேஜ் இரட்டிப்பு, 20 கூடினா பத்து மடங்கு. பெருக்கல் கணக்கையெல்லாம் இது கூட்டல் கழித்தலாக்கிடும். கம்பத்து மேல நின்னு மனசுலயே போடலாம், கால்குலேட்டர் வேண்டாம்.

மனப்பாடம் பண்ண வேண்டியது ரொம்பக் கொஞ்சம். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் கிட்டத்தட்ட 4 டிபி தின்னும். ஆர்ஜி-6 வயர் 100 மீட்டருக்கு 55 மெகாஹெர்ட்ஸ்ல 5 டிபி, 860ல 20 டிபி. அதே வயர், அதே நீளம், கீழ் அதிர்வெண்ணுக்கும் மேல் அதிர்வெண்ணுக்கும் 15 டிபி வித்தியாசம். அதிர்வெண் நாலு மடங்கானா டிபி இழப்பு சுமார் இரண்டு மடங்காகும், வர்க்கமூலக் கணக்கு. செம்போட மேல் தோல்ல மட்டும் மின்னோட்டம் ஒட்டிக்கிட்டு ஓடுறதுதான் காரணம். அதிர்வெண் ஏற ஏற அந்தத் தோல் மெலிஞ்சுக்கிட்டே வரும்.

இதை வெச்சுதான் அந்தக் காலத்துல கேபிள் அரசியலே நடந்துச்சு. அதிர்வெண்ணை பிரைம் பேண்ட், கலர் பேண்ட், எஸ் பேண்ட், ஹைப்பர் பேண்ட்னு பிரிச்சு வெச்சிருந்தோம். கீழ இருக்குற பேண்ட்ல போட்ட சேனல் தெருக்கோடி வீடு வரைக்கும் பளிச்சுன்னு போகும். ஹைப்பர்ல போட்டது கடைசி நாலு வீட்டுல மணல் கொட்டும். கீழ் பேண்ட்ல இடம் பிடிக்கச் சேனல்காரங்க காசு கொடுத்தாங்க. அவ்வளவு காசும் செம்போட மேல் தோலுக்குப் போயிருக்க வேண்டியது.

அக்டோபர் 19, இரவு 11.15

யாரோ "அனலாக் செத்துப் போச்சு, அதை எதுக்குப் படிக்கணும்"னு கேட்டிருக்காங்க. அனலாக் தெரிஞ்சவன்தான் டிஜிட்டல் கோளாறைப் பிடிப்பான். எப்படின்னு சொல்றேன்.

எங்க ஊரு கடலோரம், தூத்துக்குடி மாவட்டம். ரூபவாஹினி 1982 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க. பிதுருதலாகலை மலை உச்சியில டிரான்ஸ்மிட்டர், இலங்கையிலயே உயரமான மலை, 2,500 மீட்டருக்கு மேல. இங்க எங்களுக்குக் கொடைக்கானல் ஒளிபரப்பு வர்றதுக்கு முன்னாடி டிவின்னாலே ரூபவாஹினிதான். இரும்புப் பைப் ஒண்ணு மேல ஒண்ணா சொருகி, நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, உச்சியில யாகி ஆன்டெனாவும் பூஸ்டரும். ஒருத்தர் மாடியில பைப்பைத் திருப்புவார், ஒருத்தர் ஜன்னல்ல நின்னு "இன்னும் கொஞ்சம், போதும், போச்சு, திரும்ப வா"ன்னு கத்துவார். நான் சின்ன வயசுல ஜன்னல்ல நின்ன ஆள். கோடையில சாயங்காலம் கடல் மேல காத்து அடுக்கு அடுக்கா நிக்கும்போது படம் கல்லு மாதிரி நிக்கும். அதே அடுக்கு எங்கேயோ தூரத்து நிலையத்தையும் இழுத்துட்டு வந்து அதே சேனல்ல கோடு கோடா ஓடவிடும்.

அந்தத் திரைதான் எங்களுக்கு மீட்டர். படத்துல மணல் கொட்டினா லெவல் இல்ல. சாய்வா நெளிநெளியாக் கோடு ஓடினா வேற அலை உள்ள புகுந்திருக்கு. படுக்கைவசமா தடிச்ச பட்டை மெதுவா ஏறினா பவர் சப்ளை அல்லது எர்த்: நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், படமும் நொடிக்கு 50 புலம் (பாதிப் படம்), இரண்டுக்கும் இருக்குற சின்ன வித்தியாசம்தான் அந்தப் பட்டையை நகத்துது. ஒரு பட்டைன்னா 50, இரண்டு பட்டைன்னா 100, அதாவது ரெக்டிஃபயருக்குப் பிறகு இருக்குற கண்டென்சர் போச்சு. டிவியைத் திறக்காமலே எந்தப் பாகம்னு சொல்லிடுவோம்.

உருவம் இரண்டா தெரிஞ்சா எதிரொலி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. படத்துல 625 வரி, ஒரு வரிக்கு 64 மைக்ரோ நொடி, கண்ணுக்குத் தெரியுறது 52. அலை ஒரு மைக்ரோ நொடியில 300 மீட்டர் போகும். 20 இஞ்ச் டிவியில திரை அகலம் 40 சென்டிமீட்டர். ஆக ஒரு மைக்ரோ நொடி தாமதம்னா திரையில முக்கால் சென்டிமீட்டர். ஸ்கேலை வெச்சு அளந்தா நிழல் உருவம் 3 சென்டிமீட்டர் வலப்பக்கம் நிக்குதுன்னு வைங்க. அந்த அலை சுமார் 1.2 கிலோமீட்டர் கூடுதலா சுத்திட்டு வந்திருக்கு. நேர் பின்னாடின்னா 600 மீட்டர்ல ஏதோ பெருசா நிக்குது. பெரும்பாலும் தண்ணித் தொட்டியா இருக்கும்.

டிஜிட்டல்ல இந்த நோய்க்குறி எதுவும் முகத்துல தெரியாது. எதிரொலி, நாய்ஸ், எர்த், ஊடுருவல் எதுவா இருந்தாலும் ஒரே கட்டம், ஒரே உறைவு. அதனாலதான் இப்ப வர்ற பசங்க எல்லாத்துக்கும் பெட்டியை மாத்துறாங்க.

அக்டோபர் 20, மதியம் 1.30

சாப்பாட்டு நேரம், சுருக்கமா. "டிஜிட்டல்னாலே படத் தரம் கூட"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். படத்தை அனுப்புறது வேற, படத்தைச் சுருக்குறது வேற. ஸ்டுடியோவுல சாதாரண எஸ்டி படம் சுருக்காம நொடிக்கு 270 மெகாபிட். உங்க வீட்டுக்கு வரும்போது 2 மெகாபிட் இருந்தா பெரிய விஷயம். 38 மெகாபிட்டுக்குள்ள எத்தனை சேனலைத் திணிக்கலாம்னு எம்எஸ்ஓ (ஆபரேட்டர்களுக்குச் சிக்னல் கொடுக்குற பெரிய கம்பெனி) கணக்குப் போடுற இடத்துலதான் தரம் போகுது.

கட்டம் இரண்டு வகை. கிரிக்கெட்ல பந்து பவுண்டரிக்கு ஓடும்போது புல்லெல்லாம் மொத்தையாகும், நடனத்துல கலர் லைட் அடிச்சா முகம் பிசுபிசுன்னு ஆகும், ஆனா சத்தம் விட்டுப்போகாது, படமும் நிக்காது. எல்லா வீட்டுலயும் அப்படியேதான் இருக்கும். அது பிட் பஞ்சம், நம்ம ஏணிக்கு எட்டாத நோய். சத்தம் "கிர்க்"னு வெட்டி, படம் பாதியில உறைஞ்சு, கட்டம் இடம் மாறி ஒட்டிக்கிட்டா அது பாக்கெட் போனது. அதுக்குத்தான் ஏணி.

அக்டோபர் 21, இரவு 8.50

இன்னிக்குக் கொஞ்சம் டெலிபோன் பக்கம் போவோம். ரிட்டயர்டு ஆன எக்ஸ்சேஞ்ச் நண்பர் ஒருத்தர் இதைப் படிச்சுட்டு, "எங்க பிசிஎம் சொல்லாம டிஜிட்டல் பேசுறியாவே?"ன்னு போன்லயே திட்டினார்.

பிசிஎம்னா பேச்சை எண்ணாக்கி அனுப்புறது. பேச்சை 300லருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிடுவாங்க. ஒரு அலையில இருக்குற உச்ச அதிர்வெண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல மாதிரி எடுத்தா முழு அலையையும் திரும்பக் கட்டலாம்னு நைக்விஸ்ட்ங்கிற இஞ்சினியர் வழி வந்த கணக்கு. 3400க்கு இரண்டு மடங்கு 6800, ஃபில்டர் சரிவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு 8000. ஒவ்வொரு மாதிரிக்கும் 8 பிட். நொடிக்கு 64 கிலோபிட். இப்படி 32 சேர்த்தா 2.048 மெகாபிட், அதுதான் இ1ங்கிற டெலிபோன் லைன். ஊருக்கு ஊர் இ1 கணக்குலதான் அவர் வாழ்க்கையே ஓடியிருக்கு.

அலெக் ரீவ்ஸ்ங்கிற இஞ்சினியர் 1930களோட கடைசியிலயே இதை யோசிச்சு வெச்சுட்டார். அப்ப வால்வு காலம், செய்ய வழியில்ல. அவருக்கு இருந்த தலைவலி என்ன? தூரம் போகப் போக ஆம்ப்ளிஃபயர் போடணும். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் பேச்சோட சேர்த்து அதுவரைக்கும் ஏறின நாய்ஸையும் பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். பிசிஎம்ல சுமார் 2 கிலோமீட்டருக்கு ஒரு ரீஜெனரேட்டர். அது பெருக்குறதில்ல. வந்த துடிப்பைப் பாத்து 1ஆ 0ஆன்னு தீர்மானிச்சுட்டு, அதைக் கீழ போட்டுட்டு, புதுசா ஒரு சுத்தமான துடிப்பைச் செஞ்சு அனுப்பும். பழைய அழுக்கு அங்கேயே நின்னுடும்.

டிஜிட்டலோட மொத்த மரியாதையும் இந்த ஒரு வேலையிலதான் இருக்கு: இடையில தீர்மானிச்சுப் புதுப்பிக்கிறது. 0, 1ங்கிறதுல தனியா மந்திரம் ஒண்ணும் இல்ல.

அக்டோபர் 21, இரவு 9.30

இப்ப இசிஇ தம்பிக்கு ஒரு கேள்வி. உங்க ஹெட்எண்ட்லருந்து (சேனலெல்லாம் கிளம்புற கண்ட்ரோல் ரூம்) வீட்டுப் பெட்டி வரைக்கும் எத்தனை இடத்துல அப்படிப் புதுப்பிக்கிறாங்க? கம்பத்துல தொங்குற அந்த ஆம்ப்ளிஃபயர் ரீஜெனரேட்டரா? யோசிச்சுட்டு எழுதுங்க.

அக்டோபர் 22, காலை 7.10

"ஆம்ப்ளிஃபயர்ல சில்லு எதுவும் இல்ல அண்ணாச்சி, பழைய மாடல்தான்"னு எழுதியிருக்கார். சரியான பதில். குவாம் மாடுலேட்டரை விட்டுக் கிளம்பின அலையை வீட்டுப் பெட்டி வரைக்கும் யாரும் தீர்மானிக்கிறதில்ல, புதுப்பிக்கிறதில்ல. தெரு முழுக்க அதே அனலாக் காலத்து ஆம்ப்ளிஃபயர், அதே டேப் (கம்பத்துல வீட்டுக்கு வயர் பிரியுற இடம்), அதே வயர். ஒரே மாதிரி ஆம்ப்ளிஃபயர் தொடரா இருந்தா, எண்ணிக்கை இரட்டிப்பாகுற ஒவ்வொரு தடவையும் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள இடைவெளி 3 டிபி சுருங்கும். அனலாக்ல இந்த விதி எப்படியோ, டிஜிட்டல்லயும் அப்படியேதான்.

அப்ப கேபிளுக்கு டிஜிட்டலால என்ன லாபம்? சகிப்புத்தன்மை. அனலாக் படம் சுத்தமாத் தெரிய நாய்ஸை விட 43, 44 டிபி மேல நிக்கணும். 64 குவாம் 26 இருந்தாலே ஓட்டிடும். நடுவுல பதினஞ்சு டிபிக்கு மேல இடம். நம்ம ஆளுங்க அதைச் சேமிப்பா வெச்சுக்கிட்டாங்களா? இல்ல. "டிஜிட்டல்தானே"ன்னு அந்த இடத்தை முறுக்கி ஒட்டின ஜாயிண்டுலயும் விலை மலிஞ்ச கனெக்டர்லயும் செலவழிச்சு முடிச்சாச்சு.

அக்டோபர் 22, இரவு 10.40

குவாம்னா என்னன்னு நிறையப் பேர் கேக்குறாங்க. எட்டுக்கு எட்டு புள்ளிக்கோலத்தை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு புள்ளியும் அலையோட ஒரு நிலை. ஹெட்எண்ட்ல புள்ளி ஊசிமுனை அளவு. வீட்டுக்கு வரும்போது நாய்ஸ் சேர்ந்து மாவு சிதறின மாதிரி பரவியிருக்கும். புள்ளி தன் கட்டத்துக்குள்ள பரவுற வரைக்கும் பெட்டிக்குக் கவலை இல்ல, நடுப்புள்ளியா எடுத்துக்கும். பக்கத்துக் கட்டத்துல சிந்தினா தப்பான 6 பிட். எவ்வளவு இறுக்கமா நிக்குதுங்கிறதை டிபியில சொல்ற எண்தான் எம்இஆர். 35 அருமை, 30 நல்லது, 26 விளிம்பு, 24க்குக் கீழ வீட்டுக்கார அம்மா.

மீட்டர்ல எண்ணை மட்டும் பாத்துட்டு இறங்காதீங்க, அந்தப் புள்ளிப் படத்தையும் பாருங்க. எல்லாப் புள்ளியும் ஒரே சீரா உப்பியிருந்தா லெவல் குறைவு அல்லது நாய்ஸ். ஒவ்வொரு புள்ளியும் நடுவுல ஓட்டை விழுந்து வளையமா நின்னா வெளி அலை உள்ள புகுந்திருக்கு. நடுவுல இருக்குற புள்ளியெல்லாம் சரியா இருந்து மூலையில உள்ளது மட்டும் வளைஞ்சு இழுபட்டா அதிர்வெண் உண்டாக்குற சுற்று ஆடுது, ஹெட்எண்ட் பக்கம் பாக்கணும். மூலைப் புள்ளி உள்நோக்கி அமுங்கியிருந்தா ஏதோ ஒரு ஆம்ப்ளிஃபயரை அளவுக்கு மேல ஓட்டுறாங்க. டிவித் திரை காட்டாம விட்டதை இந்தச் சின்னத் திரை காட்டுது.

பிழை திருத்தம் பத்தி ஒரு வரி. 188 பைட்டுக்கு 16 பைட் கூடுதலா கட்டி 204 ஆக்கி அனுப்புறாங்க. அந்த 204ல 8 பைட் வரைக்கும் எங்க தப்பினாலும் பெட்டியே திருத்திக்கும். ஒன்பதாவது தப்பினா அந்தப் பாக்கெட்டே குப்பை. 8க்கும் 9க்கும் நடுவுல மணல் கொட்டுற படம்னு ஒண்ணு கிடையாது. அதான் காலையில நல்லா இருந்த படம் சாயங்காலம் திடீர்னு செத்துப் போறது. அனலாக் மாசக்கணக்குல இருமிக்காட்டிட்டுத்தான் படுக்கும்.

அக்டோபர் 24, மதியம் 3.15

தம்பி அளவு எடுத்து அனுப்பியிருக்கார். மழை விட்டு ஈரம் காயாத நேரம். கம்பத்து டேப்புல 210 மெகாஹெர்ட்ஸ்ல 72, 770ல 71. வீட்டுக்குள்ள பெட்டி முனையில 210ல 63, 770ல 41. எம்இஆர் 210ல 34, 770ல 23. கம்பத்துலருந்து வீட்டுக்கு 40 மீட்டர் ஆர்ஜி-6, நடுவுல ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டர்.

எல்லாரும் கூட்டிப் பாருங்க. 40 மீட்டருக்கு 210ல 4 டிபி போகும், 770ல 8 போகும். ஸ்ப்ளிட்டர் 4. அப்ப பெட்டியில கீழ 64ம் மேல 59ம் இருக்கணும். கீழ 63, சரிதான். மேல 41. மேல் அதிர்வெண்ல மட்டும் 18 டிபியைக் காணோம். வயர் அறுந்திருந்தாலோ கனெக்டர் கழண்டிருந்தாலோ கீழ் அதிர்வெண்ணும் அடி வாங்கியிருக்கும். மேல மட்டும் தின்னுதுன்னா... தம்பி, அந்த ஸ்ப்ளிட்டரைத் துடைச்சு மூடி மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.

உடைஞ்ச சேனல் பட்டியலையும் வீட்டுக்கார அம்மாகிட்ட வாங்கிட்டு வாங்க. டிஜிட்டல்ல ஒரு அதிர்வெண்ணுக்குள்ள பதினஞ்சு, இருபது சேனல் சேர்ந்து பயணம் பண்ணுது. உடையுறதெல்லாம் ஒரே அதிர்வெண்ணா இருந்தா ஒரு கதை, மேல் பக்கத்துல இருக்குற எல்லாம்னா வேற கதை. புகார் வந்தா நான் கேக்குற முதல் கேள்வியே "எந்தெந்தச் சேனல்?"தான். "எல்லாமே வரல"ம்பாங்க. நம்பாதீங்க, அவங்க பாக்குறது ரெண்டு சீரியல்.

அக்டோபர் 24, இரவு 9.00

ஸ்ப்ளிட்டர் மூடியில "5–450 மெகாஹெர்ட்ஸ்"னு இருக்காம். படமும் அனுப்பியிருக்கார். வாங்க, வாங்க.

அது அனலாக் காலத்து உருப்படி. அப்ப நெட்வொர்க்கே 450 வரைக்கும்தான் ஓடுச்சு, அந்த வீட்டுக்கு அதுக்கு மேல ஒண்ணும் தேவைப்படல. டிஜிட்டல் வந்தப்ப கீழ அனலாக் இன்னும் ஓடிக்கிட்டிருந்ததால புது அதிர்வெண்ணையெல்லாம் மேல போட்டாங்க. அப்புறம் அனலாக் போச்சு. பெட்டி வந்துச்சு, டேப் மாறுச்சு, வீட்டுக்குள்ள பரண் மேல கிடந்த ஸ்ப்ளிட்டரை யாரும் பாக்கல. வெயில் காலத்துல 770ல 45, 46 வந்து விளிம்புல ஓடியிருக்கும். மழையில வெளி கனெக்டர்ல தண்ணி இறங்கி இன்னொரு 4, 5 டிபி போனா முடிஞ்சுது. "பழைய கேபிள்ல நல்லா வந்துச்சு"ன்னு அந்த அம்மா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

5–1000னு எழுதின ஸ்ப்ளிட்டர் போடுங்க. அதோட விடாம கம்பத்துப் பக்கத்து எஃப் கனெக்டரையும் வெட்டிப் பாருங்க. இந்த மழைக்கு என்ன தெரியும்னு இப்பவே சொல்றேன்: வலைக்கம்பி வெள்ளியா இருக்காது, கறுத்து மாவாகி விரல்ல ஒட்டும். நடுக்கம்பியில செம்புப் பூச்சு பச்சை பிடிச்சு, உள்ள இருக்குற இரும்பு துருவேறி நிக்கும். அந்த வயர் நடுக்கம்பி முழுச் செம்பு இல்ல, இரும்பு மேல செம்புப் பூச்சு. அலை தோல்லதான ஓடுது, அதனால பூச்சே போதும். பூச்சு அரிச்சா துரு மேல ஓடியாகணும். தண்ணி வலைக்கம்பி வழியா ஊறி உள்ளயும் போயிருக்கும். ஒரு சாண் வெட்டுனா சில நேரம் போதாது, கறுப்பு முடியுற இடம் வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க. புது கனெக்டரை முறுக்காதீங்க, கம்ப்ரெஷன் டூல்ல அழுத்துங்க. வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி வயரை U மாதிரி தொங்கவிட்டா தண்ணி அங்கேயே சொட்டிடும்.

அக்டோபர் 25, காலை 6.30

ஊடுருவல் பத்தி விட்டுப்போச்சு. ஒரு வீட்டுல சாயங்காலம் ஏழு மணிக்கு மேல மட்டும் படம் உடையும். பகல்ல நான் போனா எம்இஆர் 33. வீட்டுக்காரர் வேலையிலருந்து வந்து, போனை டிவி ஸ்டாண்டுல, பெட்டி பக்கத்துலயே வெச்சு சார்ஜ் போடுவார். 850 பேண்ட் 4ஜியில போன் டவருக்கு அனுப்புறது 824லருந்து 849 மெகாஹெர்ட்ஸ். கேபிள் 862 வரைக்கும் போகுது. கனெக்டர் வலைக்கம்பி சரியா அழுந்தலைன்னா வயரே ஆன்டெனாதான். புள்ளிப் படத்துல அழகா வளையம் வந்துச்சு, அவர் போனை எடுத்துட்டு வாசலுக்குப் போனதும் புள்ளியாச்சு. கனெக்டர் மாத்தினேன். அதுவரைக்கும் வேற ஆளுங்க அந்த வீட்டுல பெட்டியையும் ரிமோட்டையும் மாத்தியிருந்தாங்க. ரிமோட் எதுக்குன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் புரியல.

அக்டோபர் 26, இரவு 10.20

"64 போய் 256 குவாம் போட்டா சேனல் கூடுமே, 1024 போட்டா இன்னும் கூடுமே, எங்கதான் நிக்கும்?" நல்ல கேள்வி. ஷானன்ங்கிற கணித அறிஞர் 1948ல எழுதி வெச்சுட்டார். அகலமும், சிக்னல் நாய்ஸை விட எத்தனை மடங்குங்கிறதும் தெரிஞ்சா, பிழையில்லாம அனுப்பக்கூடிய உச்ச வேகம் தெரியும்: அகலத்தை, ஒண்ணு கூட்டின அந்த மடங்கோட இரண்டடி மடக்கையால பெருக்கணும். 8 மெகாஹெர்ட்ஸ், 30 டிபின்னா கிட்டத்தட்ட 80 மெகாபிட். நாம எடுக்குறது 38. டெலிபோன் லைன்ல 3.1 கிலோஹெர்ட்ஸ், அதே 30 டிபின்னா 31 கிலோபிட். பழைய டயல்அப் மோடம் 33.6ல முட்டி நின்னது ஞாபகம் இருக்கா? லைன் கொஞ்சம் சுத்தமா இருந்தா அவ்வளவுதான் உச்சம். 56ங்கிறது எக்ஸ்சேஞ்ச்லருந்து வீட்டுப் பக்கம் மட்டும், அதுவும் மறுமுனை நேரடியா டிஜிட்டலா இருந்ததால.

256 போட்டா கோலம் பதினாறுக்குப் பதினாறு ஆகும், கட்டம் சுருங்கும். 64 போட்ட இடத்துல 6 டிபி கூடுதலா சுத்தம் வேணும். கடைசிக் கம்பத்துல அந்த 6 டிபி இருக்கான்னு பாத்துட்டு எம்எஸ்ஓ முடிவெடுக்கணும். எடுத்துட்டுப் பாக்குறதுதான் வழக்கம்.

நைக்விஸ்ட் மாதிரி எடுக்கச் சொல்லித் தர்றார், ஷானன் எல்லைக்கோடு போடுறார். புத்தகத்துல இந்த இரண்டும் முதல் அத்தியாயத்துல வரும், டிபி எங்கேயோ பின்னிணைப்புல கிடக்கும். தம்பி, நீங்க தலைகீழா படிங்க. டிபி, வயர் இழப்பு, நாய்ஸ், அப்புறம் ஏஎம், எஃப்எம், அப்புறம் குவாம், கடைசியா பிட்டு. சதுர அலைப் படத்தை இப்போதைக்கு மூடி வைங்க. அது சர்க்யூட் போர்டுக்குள்ள நடக்குற கதை.

அக்டோபர் 28, மதியம் 2.00

ஸ்ப்ளிட்டரும் கனெக்டரும் மாத்தியாச்சாம். 770ல 58, எம்இஆர் 33. அந்த அம்மா டீ கொடுத்தாங்களாம். எனக்கெல்லாம் திட்டு மட்டும்தான் கிடைச்சுது.

அக்டோபர் 30, இரவு 9.45

"வீட்டுக்கே பைபர் வந்தாச்சு, இனிமே இந்த டிபி எல்லாம் எதுக்கு"ன்னு ஒருத்தர். பைபர்ல இன்டர்நெட் போறது 1490 நானோமீட்டர் ஒளியில கீழ (வீட்டுக்கு), 1310ல மேல (வீட்டுலருந்து). அது எரியும் அணையும், உண்மையிலயே 1, 0தான். ஆனா அதே இழையில டிவிக்கு 1550ல தனியா ஒரு ஒளி அனுப்புறாங்கன்னா, அதுல நம்ம குவாம் அலை அப்படியே ஒளியோட பிரகாசமா ஏறி இறங்குது. அணைஞ்சு எரியுறதில்ல, அலையுது. சுத்த அனலாக். ஒளி 1 டிபி குறைஞ்சா வீட்டுல ஆர்எஃப் (பெட்டிக்குப் போற டிவி சிக்னல்) 2 டிபி குறையும், ஏன்னா ஒளியோட சக்தி டிடெக்டர்ல மின்னோட்டமா மாறுது, அந்த மின்னோட்டத்தோட வர்க்கம்தான் ஆர்எஃப் சக்தி. ஒரு அழுக்குக் கனெக்டர், ஒரு இறுக்கி வளைச்ச இழை, இன்டர்நெட் ஜம்முன்னு ஓடும், டிவி உடையும். "நெட் நல்லா வருதே, அப்ப பைபர் சரிதான"ன்னு வாதாடுவாங்க.

இன்னொண்ணு. இந்த 1550 வேலைக்குப் பச்சைக் கனெக்டர்தான். அதோட முனை 8 டிகிரி சாய்ச்சுத் தேய்ச்சது, திரும்பி வர்ற ஒளி லேசர் பக்கம் போகாம ஓரமா விலகிடும். நீலம் நேர் முனை. நீலத்தைக் கொண்டுபோய்ப் பச்சையில சொருகினா நடுவுல காத்து இடைவெளி, பல டிபி காலி, எதிரொலி வேற. பையில பச்சை பேட்ச்கார்டு இல்லைன்னா கடைக்குத் திரும்பிப் போய் எடுத்துட்டு வாங்க. நீலத்தைச் சொருகிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் போடாதீங்க.